ஒன்பது பீப்பாயும் தையல்நாயகியும்

அந்தக் கையெழுத்தா சார்? எங்க வீட்டம்மாவோடது.

நம்ப மாட்டீங்க. போன வாரம் பெங்களூர்லேர்ந்து வந்தவங்களும் நம்பல. தையல்நாயகின்னு தமிழ்ல போட்டிருக்குதே, இது என்ன, பாட்டிலுக்குத் துணிப்பை தைக்கிற கம்பெனியான்னு கேட்டாங்க. இல்லீங்க, என் சம்சாரம். இந்த டிஸ்டில்லரியில எந்தப் பீப்பாய் பாட்டிலுக்குப் போகலாம், எது போகக்கூடாதுன்னு மோந்து பாத்துச் சொல்றவ. அவ சரின்னாத்தான் சரக்கு வெளிய போகும்.

உட்காருங்க சார். உங்க வேன் ரயில்வே கேட்டுல நிக்குதாம், டிரைவர் போன் பண்ணினார். அரை மணியாவது ஆகும். மத்தவங்க எல்லாம் கடையில பாட்டில் பாத்துக்கிட்டிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் லேபிளைத் திருப்பிப் படிச்சீங்க. படிக்கிறவங்களைக் கண்டா எனக்கு உள்ளதைச் சொல்லணும்னு தோணும். டூர்ல சொன்னது டூர்ல சொன்னது. இது வேற.

டூர்ல என்ன சொன்னேன்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுல மொரேல் துரைன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வந்தார், செம்புப் பானையைக் கப்பல்ல கொண்டாந்தார், எங்க முப்பாட்டனைக் கூப்பிட்டு இந்தப் பானை இனிமே உன் பொறுப்புன்னார்னு சொன்னேனா? அதுல பொய் ஒண்ணும் கிடையாது. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். கம்பெனியை ஆரம்பிச்சது சின்ன முதலாளியோட தாத்தா. அப்போ ரம். கரும்பாலையில மிஞ்சுற பாகு இருக்கு பாருங்க, அதைக் காய்ச்சி ரம். பார்லியில மால்ட் விஸ்கி இறக்க ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷம்தான் ஆவுது. மொரேல் துரையைக் கண்டுபிடிச்சது மெட்ராஸ்ல இருக்கிற விளம்பரக் கம்பெனி. சுவத்துல மாட்டியிருக்கிற படத்துல யாருன்னு எனக்கும் தெரியாது. மீசை நல்லா இருக்கு.

முப்பாட்டன் விஷயம்... எங்கப்பா கோர்ட்டுல டவாலி சார். அவங்கப்பாவுக்கு வெத்தலை வியாபாரம். ஆனா பாட்டில் பின்னால பாருங்க, 'நாலாம் தலைமுறை வடிப்பாளர் கே. பெருமாள்'னு இங்கிலீஷ்ல இருக்கா? அது நான்தான். கலியபெருமாள். கலியை எடுத்துட்டாங்க. வெளிநாட்டுக்காரங்க வாயில நுழையாதாம்.

சரக்கு மட்டும் உண்மை சார். அதுல சின்ன முதலாளி ஒரு சொட்டு விளையாட விடமாட்டார். ஸ்காட்லாந்துல பீப்பாய்க்குள்ள இருக்கிற சரக்குல வருஷத்துக்கு நூத்துக்கு ரெண்டு பங்கு காத்துல போகுதாம். அதை தேவதைங்க குடிச்சிடுதுன்னு சொல்வாங்க. நம்ம வெயிலுக்கு இங்க பத்துப் பங்கு போகுது. நம்ம ஊர் தேவதைங்களுக்கு அவ்வளவு தாகம். அதனாலதான் அங்க பன்னிரண்டு வருஷத்துல ஊறுற மாதிரி இங்க நாலஞ்சு வருஷத்துல ஊறிடுது. இதைச் சொன்னப்ப நீங்க மட்டும் சிரிக்கல, கவனிச்சேன்.

நான் இப்படி டூர் சொல்ற ஆள் இல்ல சார் முதல்ல. பானை பாத்தவன். இருபத்திரண்டு வருஷம். ரம்முல பத்து, மால்ட்டுல பன்னிரண்டு. அந்தப் பெரிய செம்புப் பானை ரெண்டும் இருக்குதே, அதுல சின்னதுதான் என்னோடது. ரெண்டாவது தடவை காய்ச்சுறது. அதுல முதல்ல இறங்குறது தலை. கண்ணை எரிக்கும், அதைத் தனியாப் பிடிச்சிடணும். அப்புறம் இறங்குறது நடு. பேரிக்கா மாதிரி, தேன் மாதிரி. அதுதான் பீப்பாய்க்குப் போறது. கடைசியா வால். வேர்த்த சட்டை, பழைய செருப்பு, அந்த மாதிரி. நடு முடிஞ்சு வால் ஆரம்பிக்கிற இடத்துல பிடியைத் திருப்பி அதை வேற தொட்டிக்கு விட்டுடணும். அதுக்குப் பேரு கட். பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டியைக் காட்டினேனே, அதுக்குள்ளதான் சரக்கு ஓடும். சாவி கலால் ஆபீசர்கிட்ட. பிடி வெளிய இருக்கும். மோந்து பாக்க ஒரு சின்னக் குழாய். மீட்டர் ஒரு எண்ணு காட்டும்தான். ஆனா மீட்டரை நம்பி கட் பண்றவன் பானைக்காரன் இல்ல. மூக்கை நம்பிப் பண்ணணும். என் மூக்கு அப்படி. பீப்பாய் மூடியைத் தொறக்குறதுக்கு முன்னாலயே சொல்லிடுவேன்.

சொல்லிட்டிருந்தேன்.

தையலு அப்போ பாட்டிலிங் ஹால்ல லேபிள் ஒட்டிக்கிட்டிருந்தா. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவ மூக்கு இப்படின்னு எனக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க. கல்யாணமான மூணாம் நாளே தெரியும். எனக்கு அது ஒரு தொல்லைன்னுதான் தெரியுமே தவிர வித்தைன்னு தெரியாது. பால் திரியுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே சொல்வா. மூணாவது வீட்டுல சங்கரா பொரிக்கிறாங்க, நேத்து வாங்கின மீனுன்னு சொல்வா. நான் சினேகிதங்களோட எங்கயாவது லேசா நனைச்சுட்டு வந்து, கம்பெனியில சட்டை மேல தெறிச்சுடுச்சுடீன்னா, கிட்ட கூட வராம கதவோரமா நின்னே, "இது உங்க கம்பெனி சரக்கு இல்லீங்க, பிராந்தி"ம்பா. நாலு வருஷம் முயற்சி பண்ணிட்டு விட்டுட்டேன். பயந்து விடல. வயசாவுதுல்ல.

அப்போ கம்பெனிக்கு ரெஜினா மேரி மேடம் வந்தாங்க. லேபுக்குத் தலைமை. பிரான்ஸ்ல படிச்சவங்க. வந்ததும், மோந்து பாக்க ஒரு குழு வேணும், ஆபீஸ் ஆளு, காவல் ஆளு, தோட்டக்காரர், எல்லாருக்கும் பரீட்சைன்னுட்டாங்க. நான் சிரிச்சுக்கிட்டேன். எனக்குப் பரீட்சையா?

சாப்பாட்டு ஹால்ல மேசை போட்டிருந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் மூணு கிளாஸ். ரெண்டுல ஒரே சரக்கு, ஒண்ணுல வேற. எது வேறன்னு சொல்லணும். குடிக்கக்கூடாது. இந்த மாதிரி பன்னிரண்டு தடவை. அன்னைக்கு எனக்கு ஜலதோஷம் சார். முதல் நாள் மழையில நனைஞ்சிருந்தேன். ஃபேன் வேற நேரா என் மூஞ்சிக்கு. அதுலயும் பன்னிரண்டுக்கு நாலு சரியாச் சொன்னேன். ரெஜினா மேடமே ஆச்சரியப்பட்டு, "கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டிருந்தாலும் உங்களுக்கு நாலு வந்திருக்கும் பெருமாள்"னாங்க. எல்லார் முன்னாலயும் சொன்னாங்க. அவங்க லேசுல யாரையும் பாராட்ட மாட்டாங்க.

தையலு பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மேடம் நம்பாம பதிமூணாவது ஒண்ணு வச்சாங்க. மூணு கிளாஸ்லயும் ஒரே சரக்கு. இவ மூணையும் மோந்துட்டு, "மூணும் ஒண்ணுதான் மேடம். நடு கிளாஸை மட்டும் சரியா அலசல, சோப்பு வாசம் வருது"ன்னா. பரீட்சையில தப்பு கண்டுபிடிக்கலாமா சார்? நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். மேடம் எழுந்து வந்து அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க.

மறுநாளே லேபிள் ஒட்டுற வேலை போச்சு, லேபுல நாற்காலி. வெள்ளைக் கோட்டு. ஒரு சொட்டு குடிச்சதில்ல சார் அவ, இன்னைக்கு வரைக்கும். மோப்பா, நாக்குல வைப்பா, துப்பிடுவா. மோந்ததை வாயால சொல்லணும், மேடம் எழுதிக்குவாங்க. என்னென்ன சொன்னான்னு கேளுங்க. "கஞ்சி போட்ட புது வேட்டி." "நெல்லு அவிக்கிற அண்டா." "பலாக்கொட்டை மேல வழவழன்னு ஒரு தோலு இருக்குமே, அது." "பள்ளிக்கூடத்துல புதுப் புத்தகம் கொடுக்கிற நாளு." எனக்கு மானம் போச்சு. பாட்டில் மேல வெனிலான்னு போடுவாங்க, டாஃபின்னு போடுவாங்க. மரியாதையா அதைச் சொல்லுன்னேன். "வெனிலா எப்படியிருக்கும்னு எனக்கு நிச்சயமாத் தெரியாதுங்க, தெரியாததை எப்படிச் சொல்றது"ன்னா. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கேன் சார் நான். ரெண்டு தடவை.

சரி, ஒன்பது பீப்பாய்க்கு வர்றேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை. வீட்டுப் பின்னால உட்கார்ந்து மீன் ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு, முன்னால டீ. அவளாத்தான் ஆரம்பிச்சா.

"என்னங்க, இந்த வாரம் மூணு பீப்பாய் கெட்டுக் கெடக்குதுங்க. மழையில நனைஞ்ச சாக்கை நாலு நாள் மூலையில போட்டு வச்ச மாதிரி. எழுநூத்திப் பதினொண்ணு, பன்னிரண்டு, பதிமூணு."

பேப்பரை மடிச்சு வச்சேன்.

"மீதி ஆறையும் எப்ப பாக்குற?"

"நாளைக்கு."

"அதெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடு."

கத்தியைக் கீழ வச்சுட்டு என்னையே பாத்தா. "மீதி ஆறுன்னு நான் சொல்லலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாத்தீங்களா, போலீஸ் மாதிரி. பொண்டாட்டி கேக்குற கேள்வியா இது?

விஷயம் என்னன்னா, எழுநூத்திப் பதினொண்ணுலேர்ந்து பத்தொன்பது வரைக்கும் ஒன்பது பீப்பாயும் மூணு நாள்ல நிரப்பினது. அதுக்கு நாலு வருஷம் முன்னால. அந்த மூணு நாளும் ஒரு டிவி சேனல்லேர்ந்து வந்திருந்தாங்க. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து, கைத்தொழில்காரங்களைப் பத்தி ஒரு நிகழ்ச்சியாம். சின்ன முதலாளி என்கிட்ட அனுப்பிட்டார். கேமராவை வச்சாங்க, லைட்டைப் போட்டாங்க, பானைக்கு முன்னால நில்லுங்கன்னாங்க. முன்னால நின்னா கண்ணாடிப் பெட்டி எனக்கு முதுகுப் பக்கம். ஒரு பொண்ணு மைக்கை நீட்டிச்சு. கேள்வி கேக்குறதுல கெட்டிக்காரப் பொண்ணு. உங்க தொழிலோட நுணுக்கம் என்னன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், "கட் பண்ற நேரம்தாம்மா நுணுக்கம். கண்ணும் மூக்கும் அங்கேயே இருக்கணும். அரை நிமிஷம் அசந்தா அஞ்சு வருஷ உழைப்பு பாழ். இருபது வருஷத்துல நான் ஒரு தடவை கூட அசந்ததில்ல"ன்னேன். நல்லா இருக்கு, இன்னொரு தடவை சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். சட்டைக் காலர் மடங்கியிருக்கு, இன்னொரு தடவைன்னாங்க. லாரிச் சத்தம் விழுந்துடுச்சு, இன்னொரு தடவைன்னாங்க. மூணு நாளும் அப்படித்தான். அவங்க முதல் தடவையே ஒழுங்கா எடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அது டிவிக்காரங்க தப்பு சார், முழுக்க முழுக்க.

தையலுகிட்ட இதைச் சொன்னேன். "மூணு நாளுமா பேசினீங்க?"ன்னா. மூணு நாளும்தான்னேன். சிரிச்சுட்டா. கையில மீன் செதிலோட, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா.

"சிரிக்காதடீ. நீ சொன்னா என் வேலை போயிடும்."

சிரிப்பு நின்னுடுச்சு. மீனை எடுத்து மறுபடி ஆய ஆரம்பிச்சா. ரெண்டு மீன் முடிச்சுட்டு, "நாளைக்குப் பாக்குறேன்"னா.

பாக்குறேன்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. சரின்னுதானே அர்த்தம்? நான் நிம்மதியாயிட்டேன். குழம்பு கூட நல்லா இருந்துச்சு.

திங்கக்கிழமை மத்தியானம் என்னை சின்ன முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அவரு, ரெஜினா மேடம், தையலு. மேசை மேல என் லாக் புக்கு. மீதி ஆறும் நனைஞ்ச சாக்குன்னு எழுதிக் கொடுத்துட்டா சார். ஆறும்.

மேடம் லாக் புக்கைத் திருப்பி, "மூணு நாளும் கட் பண்ணின நேரம் பதினொண்ணே கால்னு இருக்கு பெருமாள். மூணு நாளும் ஒரே நிமிஷம் எப்படி?"ன்னாங்க.

"கை அவ்வளவு சுத்தம் மேடம்"னேன்.

சின்ன முதலாளி என்னைப் பாக்கவே இல்ல. தையலுகிட்ட கேட்டார். "இது உங்க வீட்டுக்காரர் இறக்கினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் எழுதினீங்களா?"

"வாசம் வந்துச்சு சார்."

அவ்வளவுதான். அழுவல, தலையைக் குனியல. வாசம் வந்துச்சு சார். முப்பது வருஷம் சோறு போட்டவனை மூணு வார்த்தையில முடிச்சுட்டா. அவளும்தான் சம்பாதிச்சான்னு வச்சுக்கங்க, சமைச்சதும் அவதான், ஆனாலும் ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க, அப்புறம் சொல்றோம்னு. பதினோரு நாள் நான் அவகூட பேசல. பேசாம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சுது. அவளுக்கு ஒண்ணும் கஷ்டமாத் தெரியல. குழம்புல உப்பில்லன்னா சொல்ல முடியல. தண்ணி மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, நிறுத்துன்னு சொல்ல முடியல. அவ பாட்டுக்கு வெள்ளைக் கோட்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு காலையில எட்டு மணி பஸ்ஸுக்குப் போனா, வந்தா.

பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டாங்க. வேலையை விட்டுத் தூக்கப்போறாங்கன்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டாங்க. ஆனா முதலாளின்னா முதலாளி சார். மனுஷன் மதிப்பு அவருக்குத் தெரியும். "பெருமாள், பானையை இனிமே அந்தோணிராஜ் பாத்துக்கட்டும். பார்வையாளர் கூடம் கட்டியிருக்கோம், அங்க பேச ஒரு ஆளு வேணும். உங்க அளவுக்குப் பேசுற ஆளு இந்த மாவட்டத்துலயே இல்ல"ன்னார். பிரமோஷன். கோட்டு, டை, பேட்ஜ், எல்லாம் கொடுத்தாங்க.

அதுக்கு முதல் நாள் சாயங்காலம் தையலு அவர் ரூம்ல ஒரு மணி நேரம் இருந்தாளாம். எதுக்குன்னு நான் கேக்கல. பீப்பாய் விஷயமா இருக்கும். அதே வாரத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. கோவாவுல ஒரு பெரிய கம்பெனி அவளை வரச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, மூணு தடவை ஆளு வந்துட்டுப் போனாங்க. வீடு தர்றோம், கார் தர்றோம்னாங்க. இவ என்ன பண்ணினான்னா, இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இந்தக் கம்பெனியை விட்டு வேற எங்கயும் போகமாட்டேன்னு சின்ன முதலாளிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா. அவசரப்பட்டுட்டா சார். எனக்குத் தெரிஞ்சதும் பேசாம இருக்கிறதையெல்லாம் விட்டுட்டு சத்தம் போட்டேன். ஏன்டீ இப்படிப் பண்ணினேன்னு கேட்டா, "எனக்கு இந்த ஊர்த் தண்ணி பழகிடுச்சுங்க"ன்னா. சாராயக் கம்பெனியில வேலை செய்றவ, தண்ணி பழகிடுச்சுன்னு சொல்லலாமா? தைரியம் இல்ல, அதான் விஷயம். வெளியூர் போய்ப் பொழைக்கிற தைரியம் அவளுக்கு எப்பவும் கிடையாது.

ஒன்பது பீப்பாய் என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டேங்கிறீங்களே. அதைத்தான் கையில வச்சிருக்கீங்க.

கொட்டிடுங்கன்னுட்டார் சின்ன முதலாளி. தையலு மறிச்சுட்டா. "கொட்டாதீங்க சார். மேல சாக்கு இருக்கு, அதுக்கு அடியில வேற ஒண்ணு இருக்கு"ன்னாளாம். என்னன்னு கேட்டிருக்காங்க. "தோல் பெட்டி. யாரோ உள்ள வெல்லக்கட்டியை வச்சுட்டு மறந்துட்ட மாதிரி. இன்னும் கொஞ்ச நாளு கெடந்தா மேல இருக்கிறது போயிடும்"னாளாம். ரெஜினா மேடம் ஸ்பெயின்லேர்ந்து பழைய ஒயின் பீப்பாய் வரவழைச்சு, அதுல மாத்தி ஊத்தி வச்சாங்க. ஒண்ணரை வருஷம். மாசத்துக்கு ஒரு தடவை இவ போய் மோந்துட்டு, இன்னும் இல்ல, இன்னும் இல்லம்பா. ஒரு ஆடி மாசம் போய் மோந்துட்டு, சரின்னுட்டா.

லண்டன்ல போட்டிக்கு அனுப்பினாங்க. தங்கப் பதக்கம் சார். முதல் தடவையா எங்க கம்பெனிக்கு. லேட் கட்டுன்னு பேர் வச்சாங்க. பீப்பாயைத் தேர்ந்தெடுத்தவங்க கையெழுத்து லேபிள்ல வரணும்னு மேடம் பிடிவாதமா நின்னாங்க, அதான் தையல்நாயகி. இங்கிலீஷ்ல போடச் சொன்னதுக்கு எனக்கு இப்படித்தான் வரும்னுட்டா.

விளம்பரக் கம்பெனி ஒரு புத்தகம் போட்டுச்சு. கடையில இருக்கும், வாங்குங்க. அதுல ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க. மத்த டிஸ்டில்லரியெல்லாம் வாலைக் கண்டு பயந்து சீக்கிரமே கட் பண்ணிடுவாங்களாம், மொரேல் வம்சத்துல மட்டும் துணிஞ்சு தாமதமாக் கட் பண்ற ரகசியம் நூறு வருஷமாக் கைமாறி வருதாம், அந்த ரகசியம் தெரிஞ்ச கடைசி ஆளு கே. பெருமாளாம். அதைப் படிச்சப்பதான் சார் எனக்கே விளங்கிச்சு. அன்னைக்கு நான் மறந்து நின்னதா நெனச்சுக்கிட்டிருந்தேன். மறதி இல்ல. கை தானா நின்னிருக்கு. ரத்தத்துல இருக்கும்போது நாம என்ன பண்ண முடியும்?

இதுலதான் வந்துச்சு சிக்கல். ஒன்பது பீப்பாய் எத்தனை நாளைக்கு? பாதிக்கு மேல போயிடுச்சு. ஜப்பான்லேர்ந்து கேக்குறாங்க, ஜெர்மனியிலேர்ந்து கேக்குறாங்க. மறுபடி அதே மாதிரி இறக்குங்கன்னுட்டார் சின்ன முதலாளி. லாக் புக்கைப் பாத்து பதினொண்ணே காலுக்கு அந்தோணிராஜ் கட் பண்ணினார். சுத்தமான நடு. சாக்கும் இல்ல, தோலும் இல்ல. சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பெருமாள், நிஜமா எப்போ திருப்பினீங்க?"ன்னு கேட்டார். "அதான் எழுதியிருக்குதே சார்"னேன். ரகசியம்னா ரகசியம்தானே.

மீட்டர் எண்ணை மாத்தி மாத்தி மூணு நாள் இறக்கிப் பாத்தாங்க. லேபுல ஒவ்வொரு நாள் சரக்குலயும் ஒரு சாம்பிள் பாட்டில் எடுத்து வச்சிருப்பாங்க, அந்தப் பழைய பாட்டிலை வச்சு தையலு ஒப்பிட்டுப் பாத்தா. இது இல்ல. இது இல்ல. இதுவும் இல்ல. அப்புறம் அவதான் சொன்னா, "அன்னைக்குப் பானையைச் சூடாக்குற ஸ்டீமைக் குறைக்கவும் மறந்திருக்காரு. எது எப்போன்னு இனிமே யாருக்கும் தெரியாது. அவரைப் பானைக்கு முன்னால நிறுத்திப் பேச விடுங்க. அன்னைக்கு மாதிரியே ஸ்டீம் ஓடட்டும். நான் குழாய்கிட்ட நின்னு பாக்குறேன்"ன்னா.

கடைசியில பொண்டாட்டியே வந்து நிக்க வேண்டியதாச்சு பாருங்க, நான் இல்லாம ஆகாதுன்னு.

போன மாசம் ஒரு புதன்கிழமை. இதே மாதிரி ஒரு டூர் குரூப், இருபது பேர். அவங்களைப் பானை முன்னால நிறுத்தினாங்க. நான் கேமராவுக்கு நின்ன மாதிரி நின்னேன், முதுகுப் பக்கம் கண்ணாடிப் பெட்டி. அந்தோணிராஜ் பிடியில. தையலு கையில ஒரு கிளாஸ், பக்கத்துல பழைய சாம்பிள் பாட்டில். சின்ன முதலாளி, ரெஜினா மேடம், எல்லாரும் ஓரமா. அவ கையைத் தூக்கினா அந்தோணிராஜ் திருப்பணும்.

ஆரம்பிச்சேன். மொரேல் துரை, கப்பல், முப்பாட்டன். தலை, நடு, வால். கண்ணும் மூக்கும் அங்கேயே இருக்கணும், இருபது வருஷத்துல ஒரு தடவை கூட அசந்ததில்ல. அன்னைக்கு டிவிக்குச் சொன்னது ஒண்ணு விடாம. அரை மணி ஆச்சு. பதினொண்ணே கால் தாண்டிடுச்சு. தேவதை ஜோக்கும் சொல்லிட்டேன். எல்லாம் தீந்துடுச்சு சார். எனக்கே பேச ஒண்ணும் இல்ல. நின்னுட்டேன்.

பெட்டிக்குள்ள சரக்கு ஓடுற சத்தம் மட்டும் கேக்குது. திரும்பிப் பாத்தேன். தையலு கண்ணை மூடி, மூக்கைக் கிளாஸுக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கிறா. கை தூக்கல. கண்ணைத் தொறக்காமலே சொன்னா, "ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

முப்பது வருஷத்துல அவ என்னைப் பேசுன்னு சொன்னது அன்னைக்குத்தான் சார். என்ன பேசுறது? துரை பேரு கூட வாயில வரல. எதையாவது சொல்லணுமேன்னு, வந்ததைச் சொன்னேன். டிவிப் பொண்ணு மைக்கைச் சுருட்டிக்கிட்டுப் போனதும் திரும்பிப் பாத்தேன், சரக்கு எப்பவோ வாலுக்கு மாறியிருந்துச்சு, மணி பன்னிரண்டு ஆகப்போகுதுன்னேன். குழாய்ல பிடிச்சு மோந்து பாத்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலன்னேன். எனக்கு எப்பவுமே அவ்வளவாத் தெரிஞ்சதில்ல, மீட்டர் எண்ணைப் பாத்துத்தான் திருப்பிக்கிட்டிருந்தேன்னேன். பயந்துபோய் பதினொண்ணே கால்னு எழுதினேன், மறுநாளும் எழுதினேன், அதுக்கு மறுநாளும் எழுதினேன்னேன்.

அவ கையைத் தூக்கினா. அந்தோணிராஜ் பிடியைத் திருப்பினார்.

டூர்க்காரங்க கை தட்டினாங்க. நல்லா நடிக்கிறார்னு ஒரு அம்மா சொன்னது காதுல விழுந்துச்சு. சின்ன முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டிருந்தார். ரெஜினா மேடம் அன்னைக்கே லேபுல வச்சுப் பாத்துட்டு, அதேதான், அச்சு அசல்னாங்க.

சாயங்காலம் பைக்ல வீட்டுக்குப் போனோம். பின்னால உட்கார்ந்துக்கிட்டு, எப்பவும் கம்பியைப் பிடிச்சுக்கிறவ என் தோளைப் பிடிச்சுக்கிட்டா. பாதி வழியில, "கடைசியா சொன்னீங்களே, அதை நாளைக்கும் சொல்லுங்க"ன்னா.

"எதுக்குடீ, அது டூர்ல இல்லாதது?"

ஏதோ சொன்னா. எதிர்ல லாரி வந்துச்சு, சரியாக் கேக்கல சார். பாராட்டினான்னுதான் நெனைக்கிறேன்.